வல்லம் ஈன்ற எண்ணறிஞர் சிவசங்கரநாராயண பிள்ளை

பொதிகையில் தோன்றும் தாமிரபரணி கடலை அடையும் கரையில் பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் என்னும் ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைக் கண்ட வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, காயல் துறைக்குக் குதிரைகளை ஏற்றிய மரக்கலங்கள் மேற்றிசை நாடுகளிலிருந்து வந்ததையும், இக்கடலில் முத்துக் குளித்தல் நடந்ததையும் தம் பயணக் குறிப்பில் கூறியுள்ளார். முத்து வணிகத்தில் ஒரு தனிக் கணக்கு உண்டு. எடை இரு மடங்கானால் விலை நான்கு மடங்கு, மும்மடங்கானால் ஒன்பது மடங்கு என, எடையின் வர்க்கத்தைக் கொண்டு முத்தை மதிப்பிடுவது தென்கடற்கரை வணிகரின் வழக்கம். ஆகவே வர்க்கம் என்பது இச்சீமை மக்களுக்கு ஏட்டுச் சுரைக்காயாக இருந்ததில்லை. அன்றாடப் பிழைப்பிலே பயின்ற கணக்காகவே இருந்தது.

அதே ஆற்று வெளியின் மேற்கு எல்லையில், குற்றால மலையடிவாரத்தில் பிறந்த ஒருவர், வர்க்கம், கனம், அவற்றிற்கும் மேற்பட்ட படிகள் ஆகியவற்றைத் தம் வாழ்நாள் ஆராய்ச்சிக்குப் பொருளாக்கிக் கொண்டார். உலகம் நூற்றெழுபது ஆண்டுகளாக ஐயத்துடன் வைத்திருந்த ஒரு கேள்வியின் பெரும் பகுதிக்கு விடை கண்டார். அவர் பெயர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. கணித உலகம் அவரை எஸ்.எஸ். பிள்ளை என்று அறியும். நம் இல்லங்களில் சீனிவாச இராமானுஜன் பெயரை அறியாத பிள்ளைகள் இல்லை. இவர் பெயரையோ பெரியவர்களும் கேட்டிருப்பது அரிது. இக்குறை ஓரளவேனும் நீங்க வேண்டும் என்ற எண்ணத்தாலேயே இவ்வரலாற்றை இங்கு எழுதத் துணிந்தோம்.

இன்றைய தென்காசி மாவட்டத்தில் குற்றாலத்தை அடுத்துள்ள வல்லம் என்னும் சிற்றூரில் 1901-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் பிள்ளையவர்கள் பிறந்தார். தந்தை சுப்பையா பிள்ளை. தாய் கோமதி அம்மாள். குழந்தைக்கு ஓராண்டு நிறையும் காலத்திலேயே தாய் காலமானார். வளர்த்து ஆளாக்கிய தந்தையும், மகன் பள்ளி இறுதி வகுப்பில் பயிலும்போது மறைந்தார். தாயும் தந்தையும் இல்லாத கிராமத்து மாணவன் ஒருவனின் படிப்பு அந்நாளில் அத்துடன் முடிந்துவிடுவதே இயல்பு. கணக்கன் வேலையோ, கடை வேலையோ கிடைத்தால் போதும் என்ற நிலைதான். அவ்வேளையில் சாஸ்திரியார் என்று அழைக்கப்பட்ட பள்ளி ஆசிரியர் ஒருவர், இம்மாணவனின் அறிவு வீணாகக் கூடாது எனக் கருதிப் பொருளுதவி செய்து படிப்பைத் தொடரச் செய்தார். அந்த ஆசிரியரின் கை நீளாமல் இருந்திருந்தால், இக்கட்டுரைக்குப் பொருளே இருந்திராது.

செங்கோட்டைப் பகுதியும் நாகர்கோவிலும் அந்நாளில் திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தவை; 1956-இல்தான் அவை சென்னை மாநிலத்துடன் இணைந்தன. எனவே மலையடிவாரத்து மாணவர்கள் மேற்படிப்புக்குத் தெற்கும் மேற்கும் நோக்கிச் சென்றதில் வியப்பில்லை. பிள்ளையவர்களும் நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் இன்டர்மீடியட் வகுப்பு முடித்து, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார். 1927-இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது.

அக்காலச் சென்னை, கணிதத்திற்கு நல்ல களமாக இருந்தது. மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் கே. ஆனந்தராவ், இராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த ஆண்டுகளிலேயே அங்கே ஹார்டியிடம் பயின்று திரும்பியவர். இராமானுஜன் மறைந்து ஏழு ஆண்டுகளே ஆகியிருந்தன. பேராசிரியர் ஆர். வைத்தியநாதசுவாமியும் பல்கலைக்கழகத்தில் இருந்தார். இவ்விருவர் நிழலிலே பிள்ளையவர்கள் எண் கோட்பாட்டில் இறங்கினார். 1929-இலேயே ஒரு குறிப்பிடத்தக்க முடிவை வெளியிட்டார். ஓர் எண்ணுக்குக் கீழே, அதனுடன் 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை என்று எண்ணிச் சொல்வது ஆய்லர் சார்பு. 10-க்கு அவை 1, 3, 7, 9 என நான்கு. இவ்வாறு எண்ணி வரும் விடைகளை எல்லாம் திரட்டினால், முழு எண்களின் நெடிய வரிசையில் அவை மேலே செல்லச் செல்ல அரிதாகிக் கொண்டே போகும் என்று அவர் நிறுவினார். மறு ஆண்டில் சர்வதமன் சௌலாவுடன் சேர்ந்து, இதே சார்பின் கூட்டுத்தொகையைத் தோராயமாகக் கணிக்கும்போது நேரும் பிழையின் அளவைப் பற்றி எழுதினார். இவை பற்றி நாம் விரித்துரைக்கப் போவதில்லை. அவருடைய தலையாய பணி வேறிடத்தில் உள்ளது.

1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கப் பெற்றது. அவ்வாண்டிலேயே பிள்ளையவர்கள் அங்கு விரிவுரையாளராகச் சேர்ந்து 1941 வரை பணியாற்றினார். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளே அவர் வாழ்வின் பொற்காலம். தில்லைக்கு அருகே புதிதாய் எழுந்த கட்டடங்களில், வகுப்பு நடத்திய நேரம் போக எஞ்சிய பொழுதில், அவர் வாரிங் என்பவரின் கேள்வியுடன் போராடினார்.

அக்கேள்வியை நம் வீட்டுச் சிறுவர்களும் விளங்கிக் கொள்ளலாம். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் எட்வர்ட் வாரிங், 1770-இல் தாம் எழுதிய இலத்தீன் நூலில், எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டாகவும், ஒன்பது கனங்களின் கூட்டாகவும், பத்தொன்பது நாற்படிகளின் கூட்டாகவும் எழுதிவிடலாம் என்றும், மேலுள்ள படிகளுக்கும் இவ்வாறே ஒரு வரம்பு உண்டு என்றும் உரைத்தார். உரைத்தாரே அன்றி, நிறுவவில்லை. இங்கு நான்கு, ஒன்பது என்றது அவற்றுக்கு மிகாமல் என்று பொருள்படும். 7 என்ற எண்ணை எடுத்துக் கொள்வோம். 4, 1, 1, 1 என நான்கு வர்க்கங்கள் தேவை, மூன்றில் முடியாது. 23-ஐக் கனங்களாகப் பிரித்தால், 27 அதனினும் பெரிது ஆதலின் 8-ம் 1-ம் மட்டுமே கைக்கு உதவும். இரண்டு 8, ஏழு 1, ஆக ஒன்பது. இதையும் எட்டில் முடிக்க இயலாது. ஐயமுள்ளவர்கள் தாளும் எழுதுகோலும் எடுத்துப் பார்க்கலாம்.

வர்க்கங்களுக்குரிய பகுதியை இலக்ராஞ்சி அதே 1770-இல் நிறுவிவிட்டார். கனங்களுக்குரியது 1909-இல் வீஃபெரிக் என்பவரால் நிறுவப்பட்டு, அதில் இருந்த ஓர் இடைவெளி 1912-இல் கெம்ப்னரால் அடைக்கப்பட்டது. அதே 1909-இல் ஜெர்மானிய அறிஞர் ஹில்பர்ட், எந்தப் படியானாலும் ஒரு வரம்பு கட்டாயம் இருந்தே தீரும் என்று நாட்டினார். ஆனால் அவ்வரம்பு எது என்பதை அவர் முறை சொல்லவில்லை. பெட்டகத்தில் பொருள் உண்டு என்று தெரிந்தது. எவ்வளவு என்று தெரியவில்லை.

குறைந்தது எவ்வளவு தேவை என்பதைச் சொல்வது எளிது. ஆய்லரின் மைந்தர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இதைக் கூறிவிட்டார். 23-இல் நாம் கண்ட உத்திதான். ஆறாம் படியை எடுத்துக் கொண்டால், 2-இன் ஆறாம் படி 64. 3-இன் ஆறாம் படி 729. இப்போது 703 என்ற எண்ணைப் பாருங்கள். 729-க்கு அது எட்டாது. 64-ஐப் பத்து முறை எடுத்தால் 640. எஞ்சிய 63-ஐ ஒன்றுகளாகவே நிரப்ப வேண்டும். ஆகப் பத்தும் அறுபத்து மூன்றும் எழுபத்து மூன்று. எனவே ஆறாம் படிக்கு 73-க்குக் குறைந்து முடியாது. இதே கணக்கை நாற்படிக்குச் செய்தால் 79 என்ற எண்ணுக்கு 19-ம், ஐந்தாம் படிக்குச் செய்தால் 223 என்ற எண்ணுக்கு 37-ம் வரும். வாரிங் சொன்ன எண்களே இவ்வழியில் கிடைப்பதைக் காண்கிறோம். பொதுவாகச் சொன்னால், 2-இன் அந்தப் படியுடன், 3-இன் அந்தப் படியை 2-இன் அந்தப் படியால் வகுத்து வரும் ஈவைக் கூட்டி, இரண்டைக் கழித்தால் விடை. ஆறாம் படிக்கு 64-ம் ஈவு 11-ம் சேர்ந்து 75. இரண்டு போக 73.

குறைந்தது 73 வேண்டும் என்பது இவ்வளவு எளிது. 73 போதும் என்பதுதான் மலையைப் பெயர்க்கும் வேலை. 703-க்குப் போதும், 704-க்குப் போதும், கோடிக்கும் கோடி கோடிக்கும் போதுமா? விலக்கு ஒன்றேனும் எங்கேனும் ஒளிந்திராது என்பதற்கு உறுதி என்ன?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கு ஒரு புது வழி திறந்தது. ஓர் எண்ணை எத்தனை வகையாகக் கூறுபடுத்தலாம் என்பது பற்றி ஹார்டியும் இராமானுஜனும் 1918-இல் எழுதிய கட்டுரையில் முளைத்த உத்தி அது. ஹார்டியும் லிட்டில்வுட்டும் அதை வளர்த்து வாரிங் கேள்விக்குப் பயன்படுத்தினர். உருசிய அறிஞர் வினோகிராதோவ் அதை மேலும் கூர்மையாக்கினார். ஆனால் இவ்வழியில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு குறிப்பிட்ட எல்லைக்கு மேற்பட்ட எண்களைப் பற்றித்தான் அது உறுதி தரும். அவ்வெல்லையோ எழுதி மாளாத பேரெண். அதற்குக் கீழ்ப்பட்ட எண்கள் முடிவுள்ளவை என்றாலும், ஒவ்வொன்றாகச் சோதிப்பது என்றால் யுகங்கள் போதா.

இவ்விடத்தில் நம் வாசகர்களுக்கு நம் ஆகமங்கள் எண்களைப் பகுத்த முறை நினைவுக்கு வரும். எண்ணத்தக்கவை சங்கியாதம், எண்ணிக்கைக்கு அப்பாற்பட்டவை அசங்கியாதம், முடிவே இல்லாதவை அனந்தம் என மூன்றாகப் பகுத்தனர் நம் முன்னோர். சங்கியாதத்திலேயே மிகப் பெரியது எது என்று காட்டக் கடுகுகளை நிரப்பிய தீவுகளையும் கடல்களையும் உவமை கூறினர். பெரிது என்பதும் முடிவற்றது என்பதும் ஒன்றல்ல என்ற தெளிவு அதில் உள்ளது. ஒன்பதாம் நூற்றாண்டில் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த மகாவீராசாரியர் தம் கணிதசாரசங்கிரகத்தில் வர்க்கம், கனம் ஆகியவற்றுக்கு விதிகள் வகுத்தார். அந்நூல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912-இல் சென்னையிலேயே அச்சாயிற்று. பிள்ளையவர்களின் காலத்துக் கணிதரும் இதே வேறுபாட்டின் முன்தான் நின்றனர். பேரெல்லைக்கு மேற்பட்ட முடிவற்ற எண்களுக்கு நிறுவல் கிட்டியது. கீழ்ப்பட்ட முடிவுள்ள எண்களே முள்ளாய் உறுத்தின.

பிள்ளையவர்கள் அந்த முள்ளை எடுக்க முனைந்தார். வினோகிராதோவின் முறையைத் தமக்கேற்பத் திருத்தி, மேலெல்லையைக் கீழே இறக்கினார். கீழிருந்து ஏணிபோல் ஏறும் ஒரு வழியால், சிறிய எண்களில் உறுதிப்பட்டதைப் படிப்படியாக மேலே கொண்டு சென்றார். இரண்டும் இடையில் சந்தித்துவிட்டால் விலக்கின்றி எல்லா எண்களுக்கும் நிறுவல் முடிந்தது. 1930-களின் நடுவில், ஏழாம் படியும் அதற்கு மேற்பட்டவையும் ஆகிய படிகளுக்கு, ஒரு நிபந்தனைக்கு உட்பட்டு, மேற்சொன்ன விதியே சரியான விடை என்று அவர் நிறுவினார். அந்நிபந்தனையை இவ்வாறு விளக்கலாம்: 3-இன் படியை 2-இன் படியால் வகுக்கும்போது வரும் ஈவும் மீதியும் சேர்ந்து, வகுக்கும் எண்ணுக்கு மிகாதிருக்க வேண்டும். ஏழாம் படிக்கு 2187-ஐ 128-ஆல் வகுத்தால் ஈவு 17, மீதி 11, கூட்டினால் 28. அது 128-க்கு மிகவும் குறைவு, எனவே நிபந்தனை நிறைவேறுகிறது, விடை 143. ஏறத்தாழ அதே காலத்தில் சிக்காகோ நகரத்து டிக்சன் என்னும் பேரறிஞரும் இதே முடிவை எட்டினார். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. ஒருவர் பெரிய பல்கலைக்கழகம், நிறைந்த நூலகம், மாணவர் குழாம் ஆகிய அனைத்தும் உடையவர். மற்றவர் தொடங்கி ஆறேழு ஆண்டுகளே ஆன சிதம்பரத்துப் பல்கலைக்கழகத்தின் விரிவுரையாளர். அப்பல்கலைக்கழகத்தின் இதழிலும் இந்திய இதழ்களிலுமே எழுதி வந்தவர்.

ஏழும் அதற்கு மேலும் முடிந்தன. ஆறு நின்றது. படி சிறியதாகச் சிறியதாக இக்கேள்வி கடினமாகும். மேலெல்லையைக் கீழே இறக்குவது அரிதாகும். டிக்சனின் நிறுவல் ஏழுடன் நின்றது. 1940-இல் பிள்ளையவர்கள் ஆறாம் படிக்கு 73 போதும் என்று முழுமையாக நிறுவினார். கணிப்பொறி என்ற சொல்லே வழங்காத காலம். பெருக்கலும் வகுத்தலும் கையாலேயே செய்யப்பட்டவை. நம் கருத்தில், விடையைக் காட்டிலும் அதற்குப் பின்னிருந்த பிடிவாதமே போற்றத்தக்கது. போதுமான அளவு பெரிய எண்களுக்கு உண்மை என்று சொல்லி நிறுத்தியிருந்தாலும் கணித உலகம் அவரைப் பாராட்டியிருக்கும். அவர் நிறுத்தவில்லை. ஓர் எண்ணும் விடுபடலாகாது என்றே உழைத்தார்.

அவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர்கள் எவ்வளவு காலம் நடந்தனர் என்று பார்த்தால்தான் அப்பணியின் அருமை புலப்படும். ஐந்தாம் படிக்கு 37 என்பதைச் சீன அறிஞர் சென் ஜிங்ருன் 1964-இல் நிறுவினார். நான்காம் படிக்கு 19 என்ற வாரிங்கின் பழைய கூற்று 1986-இல்தான் மெய்ப்பிக்கப்பட்டது. அதைச் செய்த மூவருள் ஒருவர் நம் நாட்டு ஆர். பாலசுப்பிரமணியன், மற்ற இருவர் பிரெஞ்சு நாட்டவர். மேலே கூறிய நிபந்தனை முறியும் படி ஏதேனும் உண்டா என்பது தனிக் கேள்வி. அத்தகைய படிகள் இருந்தாலும் முடிவுள்ள எண்ணிக்கையிலேயே இருக்கும் என்று 1957-இல் மாலர் நிறுவினார். 1990-இல் கணிப்பொறி கொண்டு நாற்பத்தேழு கோடிக்கும் மேற்பட்ட படிகளைச் சோதித்தனர், ஒன்றேனும் அகப்படவில்லை.

அதே 1940-இல் பிள்ளையவர்கள் வெளியிட்ட இன்னொரு முடிவு, எவரும் உடனே சோதித்து மகிழத்தக்கது. அடுத்தடுத்து வரும் சில எண்களை எழுதிக் கொள்ளுங்கள். பதினாறுக்கு மிகாமல் இருக்கட்டும். அவற்றுள் ஓர் எண்ணாவது, மற்ற எதனுடனும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாததாக இருந்தே தீரும். 90 முதல் 96 வரை ஏழு எண்களை எடுப்போம். இவற்றுள் பகா எண் ஒன்றும் இல்லை. ஆயினும் 91 தனித்து நிற்கிறது. அதன் காரணிகளாகிய 7-ம் 13-ம் மற்ற ஆறு எண்களில் எதையும் வகுப்பதில்லை. எவ்வளவு உயரத்தில் தொடங்கினாலும் இது பொய்க்காது. பதினேழு எண்கள் என்றால் பொய்த்துவிடும். 2184 முதல் 2200 வரை பதினேழு எண்கள் உள்ளன; அவற்றில் ஒவ்வொன்றும் வேறொன்றுடன் ஏதேனும் ஒரு காரணியைப் பகிர்ந்து கொள்கிறது. 2189-ஐ எடுத்தால் அதற்கு 11 என்ற காரணி உண்டு. 2200-க்கும் அது உண்டு. 2197 என்பது 13-இன் கனம். 2184-ம் 13-ஆல் வகுபடும். பதினேழு முதல் 430 வரை எத்தனை எண்கள் கொண்ட வரிசையானாலும் இவ்வாறு பொய்க்கும் இடங்கள் உண்டு என்று பிள்ளையவர்கள் காட்டினார். அதற்கு மேலும் எப்போதும் அப்படியே என்று மறு ஆண்டில் பிரௌவர் நிறுவினார்.

இது வெறும் விளையாட்டு அன்று. அடுத்தடுத்த எண்களைப் பெருக்கினால் வரும் தொகை ஒரு முழு வர்க்கமாகவோ கனமாகவோ வேறு படியாகவோ ஆக முடியுமா என்ற பழைய கேள்விக்காகவே அவர் இதை ஆராய்ந்தார். வரிசையில் தனித்து நிற்கும் எண் ஒன்று இருந்தால், பெருக்கற்பலன் ஒரு படியாவதற்கு அந்த எண்ணே அப்படியாக இருந்தாக வேண்டும். இப்பிடியைக் கொண்டு பதினாறு எண்கள் வரை அவர் கேள்வியைத் தீர்த்தார். எத்தனை எண்களைப் பெருக்கினாலும் அவ்வாறு ஆகாது என்ற முழு விடை, ஏர்தோசு, செல்ஃப்ரிட்ஜ் இருவரால் 1975-இல் கிடைத்தது.

1933-இல் அவர் வகுத்த ஒரு சார்பும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஓர் எண்ணை, 1 முதல் அந்த எண் வரையுள்ள ஒவ்வொன்றுடனும் இணைத்து மீப்பெரு பொதுக் காரணி கண்டு, அனைத்தையும் கூட்ட வேண்டும். 6-க்கு 1, 2, 3, 2, 1, 6 எனக் கூட்டினால் 15. பிள்ளை பகா எண்கள் என்று ஒரு வகை உண்டு. 23 அவற்றுள் முதலாவது. இப்படிப் பார்த்தால் அவர் தொட்ட இடமெல்லாம் முழு எண்களின் குணங்கள்தாம். வடிவங்களோ, வானியலோ, இயந்திரங்களோ அவர் கருத்தைக் கவரவில்லை.

1941-இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்திற்குச் சென்ற பிள்ளையவர்கள், மறு ஆண்டே கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே தூய கணிதத் துறைக்குத் தலைமை தாங்கிய லெவி, இட்லரின் ஆட்சியில் வேலை இழந்து ஜெர்மனியை விட்டு வந்தவர். அவர் அழைப்பின் பேரிலேயே பிள்ளையவர்கள் வங்கம் சென்றார். 1943-இன் கொடும் பஞ்சத்தையும் 1946-இன் கலவரத்தையும் அந்நகரம் கண்டது அந்த ஆண்டுகளிலேதான். அப்படிப்பட்ட காலத்திலும் 1945-இல் அவர் ஓர் ஊகத்தை வெளியிட்டார். அது இன்றளவும் தீரவில்லை.

1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36, 49, 64, 81, 100, 121, 125, 128 என, ஏதேனும் ஒரு படியாக அமையும் எண்களை வரிசையாக எழுதுவோம். சில இடங்களில் அவை நெருங்கி நிற்கின்றன. சில இடங்களில் விலகி நிற்கின்றன. 8-க்கும் 9-க்கும் இடைவெளி 1. 25-க்கும் 27-க்கும் 2. 125-க்கும் 128-க்கும் 3. வரிசையில் மேலே செல்லச் செல்ல இவ்விடைவெளி அளவின்றிப் பெருகும். ஆகவே எந்த ஒரு வேறுபாடும் முடிவுள்ள தடவைகளே வர முடியும் என்பது பிள்ளையவர்களின் ஊகம். இதன் அருகே அவர் இன்னொன்றும் கூறினார். 2-இன் படிகளிலிருந்து 3-இன் படிகளைக் கழித்தால், ஒரே விடை இரு முறை வருவது மிக அரிது என்றார். 8-இல் 3 போனால் 5. 32-இல் 27 போனாலும் 5. 16-இல் 3 போனால் 13. 256-இல் 243 போனாலும் 13. இவற்றையும், 2-இல் 3-ஐயும் 8-இல் 9-ஐயும் கழிக்க வரும் குறை ஒன்றையும் தவிர, வேறு இல்லை என்பது அவர் கருத்து. 1982-இல் ஸ்ட்ரூக்கர், டைடெமன் என்னும் டச்சு அறிஞர் இருவர் அது உண்மையே என நிறுவினர்.

1950-இல் பிள்ளையவர்களுக்கு இரு அழைப்புகள் வந்தன. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனம் ஓராண்டு தங்கி ஆராய அழைத்தது. ஐன்ஸ்டைன் வாழ்ந்துவந்த இடம் அது. ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் கூடவிருந்த அகில உலகக் கணித மாநாட்டில் கலந்து கொள்ளும் வாய்ப்பும் வந்தது. போரினால் தடைப்பட்டு, 1936-க்குப் பின் பதினான்கு ஆண்டுகள் கழித்துக் கூடிய மாநாடு அது. இந்திய இதழ்களில் எழுதி, கடிதங்கள் வாயிலாகவே உலகுடன் தொடர்பு கொண்டிருந்த ஒருவருக்கு, தம் துறைப் பெரியோரை நேரில் காணும் முதல் வாய்ப்பு நாற்பத்தொன்பதாம் வயதில் கிட்டியது.

பம்பாயிலிருந்து கெய்ரோ வழியாக நியூயார்க் செல்லும் டி.டபிள்யூ.ஏ. நிறுவன விமானத்தில் அவர் பயணமானார். மாநாடு ஆகஸ்டு 30-ஆம் நாள் தொடங்கிவிட்டது. மறுநாள், 1950 ஆகஸ்டு 31 அதிகாலை, கெய்ரோவிலிருந்து புறப்பட்ட சிறிது நேரத்தில் விமானத்தின் இயந்திரம் ஒன்று தீப்பற்றி, விமானம் எகிப்தின் பாலைநிலத்தில் விழுந்தது. அதிலிருந்த 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. சண்டிகர் நகர அமைப்புக்கு வரைபடம் தீட்டிவிட்டுத் திரும்பிக் கொண்டிருந்த போலந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் நோவிக்கியும் அவர்களுள் ஒருவர். வல்லத்தில் பெற்றோரை இழந்த சிறுவனாய் நின்று, ஓர் ஆசிரியரின் உதவியால் எழுந்த வாழ்வு, ஆர்வர்டு மேடையை எட்டுமுன் முடிந்தது.

அவர் கட்டுரைகளில் பல, எளிதில் கைக்கு எட்டாத பழைய இந்திய இதழ்களில் சிதறிக் கிடந்தன. ஒரு முடிவு எவ்வளவு அரியதாயினும், அது அச்சான இதழ் நூலகத்தில் இல்லையென்றால் படிப்பார் யார்? ஆராய்ச்சியாளர்கள் அவர் பெயரை மேற்கோள் குறிப்புகளில் கண்டும் மூலத்தைக் காணாமல் கடந்தனர். இறுதியில் 2010-ஆம் ஆண்டில் பாலசுப்பிரமணியன், தங்கதுரை இருவரும் தொகுக்க, இராமானுஜன் கணிதச் சங்கம் அவர் எழுத்துகள் முழுவதையும் இரு தொகுதிகளாக வெளியிட்டது. நாற்படிக்கு விடை கண்ட மூவருள் ஒருவரே, ஆறாம் படிக்கு விடை கண்டவரின் ஏடுகளையும் திரட்டித் தந்தார் என்பது நமக்கு மகிழ்ச்சி தருகிறது.

1945-இன் ஊகம் என்னவாயிற்று என்று வாசகர்கள் கேட்கக் கூடும். இடைவெளி 1 மட்டும் தீர்ந்தது. 8-ம் 9-ம் தவிர அடுத்தடுத்து நிற்கும் படிகள் இல்லை என்று 1844-இல் கேட்டலான் கூறியதை, ருமேனியாவில் பிறந்த மிகைலெஸ்கு 2002-இல் நிறுவினார். இடைவெளி 2-க்கு 25, 27 என்ற ஓர் இணையே தெரியும். வேறு உண்டா, உண்டெனில் அவை முடிவுள்ளவையா என்பதை எவரும் நிறுவவில்லை. இடைவெளி 6 உள்ள இணை ஒன்றுகூட இதுவரை கண்டறியப்படவில்லை. அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றும் எவராலும் நிறுவ முடியவில்லை.